தாம்பரம் காற்றும் ஒரு பழைய சமன்பாடும்

1/
நீளமான இழை மக்களே. ஒரு டீயோட உட்கார்ந்து படிங்க.

வேளச்சேரி – தாம்பரம் சாலையில் ராஜகீழ்ப்பாக்கத்தில் நின்னா, சில கிலோமீட்டருக்குள்ள மூணு இடங்கள் இருக்கு. சேலையூர் பக்கம் விமானப்படைத் தளம். கிழக்குத் தாம்பரத்தில் மரங்களுக்கு நடுவே சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் அரசு நெஞ்சக மருத்துவமனை.

விமானம், கணக்கு, நுரையீரல். மூணுக்கும் அடியில் ஒரே கேள்வி: காற்று எப்படி ஓடுது?

2/
இந்தக் கேள்விக்கான விடை ஒரு சமன்பாட்டுத் தொகுப்பு. பெயர் நேவியர்–ஸ்டோக்ஸ். அதிலும் காற்றுக்கான வடிவம் கொஞ்சம் முரடு. "பாகுநிலை உள்ள, அமுங்கக்கூடிய பாய்மத்தின் சமன்பாடுகள்" என்று பாடப்புத்தகம் சொல்லும்.

பயப்படாதீங்க, ஒரு ஃபார்முலா கூட எழுதப் போறதில்லை. ஆனா இதன் வரலாற்றில் ஒரு டாக்டர் வர்றார், திருவல்லிக்கேணியில் படிச்ச ஒருவர் வர்றார், தாம்பரத்தில் படிச்ச ஒருவர் வர்றார். கடைசியில் உங்க நுரையீரலும் வருது.

3/
முதலில் இரண்டு சொற்கள்.

பாகுநிலை: தேன் மெதுவா வழியுது, தண்ணி ஓடுது. உள்ளுக்குள்ளேயே ஒரு அடுக்கு இன்னொரு அடுக்கைப் பிடிச்சு இழுக்கும் உராய்வுதான் பாகுநிலை. காற்றுக்கும் இது உண்டு, ரொம்பக் குறைவு.

அமுங்கும் தன்மை: ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணி ஏத்தி, நுனியை விரலால் மூடி அழுத்திப் பாருங்க. பிஸ்டன் அசையாது. காற்று ஏத்தி அழுத்துங்க. உள்ளே போகும், விட்டா திரும்பி வரும்.

இரண்டாவது சோதனையில்தான் கணக்கு கடினமாகுது.

4/
1757-ல் ஆய்லர் பாய்மத்துக்கு முதல் முழுமையான சமன்பாடுகளைத் தந்தார். அடிப்படையில் அது வரவு செலவுக் கணக்கு. ஒரு சின்னப் பெட்டிக்குள்ள எவ்வளவு நிறை வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு உந்தம் வந்தது, போனது. கடையில் கல்லாக்கணக்கு பார்க்கிற மாதிரிதான்.

ஆனா அவர் கணக்கில் உராய்வு இல்லை. தேனும் தண்ணியும் ஒரே மாதிரி ஓடும் உலகம் அது.

5/
1822-ல் பிரெஞ்சுப் பொறியாளர் நேவியர் உராய்வைச் சேர்த்தார். 1845-ல் ஸ்டோக்ஸ் அதைத் தெளிவான அடிப்படையில் நிறுத்தினார். அப்போ அவருக்கு வயசு 26.

இதே காலத்தில் பாரிஸில் ஒரு டாக்டர் தனியா வேலை செஞ்சிட்டிருந்தார். பெயர் ப்வாசோய். 1828-லேயே பாதரச மானி வச்சு தமனியில் ரத்த அழுத்தம் அளந்தவர். ரத்தம் மெல்லிய குழாய்களில் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்க, முடி போன்ற கண்ணாடிக் குழாய்களில் தண்ணியை ஓடவிட்டு வருஷக்கணக்கா அளந்தார்.

6/
அவர் கண்டது: ஓட்டத்தின் அளவு, குழாய் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானா ஓட்டம் பாதியாகாது. 16-ல் ஒரு பங்கு ஆகும்.

எம்பிபிஎஸ் முதல் வருஷம் உடலியங்கியலில் நாங்க படிக்கிற விதி இது. சளி கொஞ்சம் படிஞ்சா பெரியவருக்கு இருமல், கைக்குழந்தைக்கு மூச்சுத்திணறல். ஏன்? குழந்தையின் காற்றுக்குழாய் ஏற்கனவே சின்னது. அரை மில்லிமீட்டர் வீக்கம் கூட அங்கே பெரிய விஷயம்.

நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டை ஒரு நேரான குழாய்க்குத் தீர்த்தா, வரும் விடை இதேதான். டாக்டர் அளந்ததும் கணித மேதைகள் எழுதியதும் ஒரே இடத்தில் வந்து நின்னுது.

7/
ஆனா ப்வாசோய் பயன்படுத்தியது தண்ணி. காற்று அவ்வளவு சொன்ன பேச்சு கேட்காது.

முதலில் மாட்டிக்கிட்டவர் நியூட்டன். 1687-ல் ஒலியின் வேகத்தைக் கணக்குப் போட்டார். விடை உண்மையைவிட சுமார் 15 சதவீதம் குறைவா வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் யாருக்கும் சரியான காரணம் பிடிபடலை.

1816-ல் லாப்லாஸ் சொன்னார்: ஒலி அலை காற்றை அமுக்கும்போது அந்த இடம் சூடாகுது. அந்தச் சூடு வெளியேற நேரம் இல்லை. சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பக்கம் சுடுமே, அதேதான்.

அதாவது காற்றுக்கு நிறை, உந்தம் இரண்டும் போதாது. வெப்பத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம் வேணும்.

8/
அடுத்த சிக்கல் இன்னும் பெரியது.

கேம்ப் ரோடு சிக்னல் பக்கம் சாயங்காலம் பார்த்திருப்பீங்க. முன்னாடி வண்டிகள் மெதுவாகுது, பின்னாடி வர்றவங்க அதே வேகத்தில் வர்றாங்க. கொஞ்ச நேரத்தில் "இதுவரை காலி, இதுக்கு அப்புறம் நெரிசல்" என்று ஒரு கோடு விழுந்துடும்.

காற்றிலும் அப்படித்தான். அழுத்தம் அதிகமான பகுதியில் அலை வேகமா போகும். பின்னால் வருவது முன்னால் போவதை எட்டிப் பிடிக்கும். அலையின் முகப்பு செங்குத்தாகிக்கிட்டே போய் ஒரு சுவர் மாதிரி நிற்கும். இதுதான் அதிர்வலை. 1860-ல் ரீமான், 1870-ல் ராங்கின், 1887-ல் ஹியூகோனியோ ஆகியோர் இதன் கணக்கைக் கட்டினார்கள்.

9/
ஆய்லர் சமன்பாட்டில் இந்தச் சுவருக்குத் தடிமனே கிடையாது. அழுத்தம் ஒரு புள்ளியில் சட்டென்று தாவும். தாவும் இடத்தில் சமன்பாட்டுக்கே அர்த்தம் போயிடும்.

பாகுநிலைதான் வந்து காப்பாத்துது. அது சுவரை லேசா மெழுகி, ஒரு சரிவா மாத்துது. எவ்வளவு தடிமன்? சாதாரண காற்றில் வலுவான அதிர்வலைக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய இடத்தில்தான் அந்தச் "சின்ன" உராய்வு முழு வேலையையும் செய்யுது.

10/
இங்கே நம்ம ஊர்க்காரர் ஒருவர். சுப்பிரமணியன் சந்திரசேகர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி. 1983-ல் இயற்பியல் நோபல். நட்சத்திரங்களுக்காகத்தான் அவரை நமக்குத் தெரியும்.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அவர் அமெரிக்காவின் அபர்டீன் வெடியியல் ஆய்வகத்தில் வேலை செஞ்சார். 1943-ல் அதிர்வலை எப்படித் தேய்ந்து அடங்குது, வெடிப்பலை சுவரில் பட்டு எப்படித் திரும்புது என்று அறிக்கைகள் எழுதினார்.

11/
வெடிப்பலை ஒரு டாக்டருக்கு ஏன் முக்கியம்?

வெடிவிபத்தில் வர்ற ஒருத்தர் உடம்பில் வெளிக்காயமே இல்லாம இருக்கலாம். உள்ளே நுரையீரல் கிழிஞ்சிருக்கலாம். அதிர்வலை சதைக்குள்ளே போய், காற்றும் சதையும் சந்திக்கும் எல்லையில்தான் அதிக சேதம் பண்ணுது. அதனாலதான் காது, நுரையீரல், குடல் மூணையும் தேடித் தேடிப் பார்க்கணும். பட்டாசு ஆலை விபத்தில் தப்பிச்சவர் "எனக்கு ஒண்ணும் இல்லை சார்"னு நடந்து வந்தாலும் கண்காணிப்பில் வைக்கிறது இதுக்காகத்தான்.

இதே அதிர்வலை நல்லதும் செய்யும். 1980-ல் மியூனிக்கில் முதல்முறையா ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை, கத்தி வைக்காம, அதிர்வலையால் உடைச்சாங்க. கருவியைச் செஞ்சது விமானம் தயாரிக்கும் டோர்னியர் நிறுவனம்.

12/
சரி, சமன்பாடு இருக்கு. தீர்க்க முடியுமா? கையால் முடியாது. நேர்க்குழாய் மாதிரி சில எளிய நிலைகளைத் தவிர.

அப்போ கணினி. இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகவும், நேரத்தைச் சின்னச் சின்ன நொடித்துளிகளாகவும் பிரிச்சு, கட்டம் கட்டமா கூட்டிக்கிட்டே போகணும்.

இதுக்கு ஒரு விதி உண்டு. 1928-ல் கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் ஜெர்மனியில் எழுதினாங்க, கணினியே இல்லாத காலத்தில். சாரம் இதுதான்: ஒரு நேர அடிக்குள் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிப் போயிடக்கூடாது. போச்சுன்னா கணக்கு வெடிச்சிடும், குப்பை எண்கள்தான் வரும். கட்டத்தைச் சின்னதாக்கினா நேர அடியையும் சின்னதாக்கணும். அதாவது துல்லியத்துக்கு இரட்டை விலை.

13/
இப்போ அதிர்வலையை நினைச்சுப் பாருங்க. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதைப் பிடிக்கிற அளவுக்குக் கட்டம் போட்டா ஒரு விமானத்துக்கு எத்தனை கட்டம்? எந்தக் கணினியும் தாங்காது.

1950-ல் ஃபான் நாய்மானும் ரிக்ட்மையரும் ஒரு தந்திரம் செஞ்சாங்க. அதிர்வலை இருக்கும் இடத்தில் மட்டும் கணக்குக்குள் செயற்கையா பாகுநிலையைக் கூட்டினாங்க. கெட்டியான சாம்பாரில் வெந்நீர் விட்டு இளக்குவோமே, அதுக்கு நேர் எதிர்: நீர்த்த காற்றைக் கணக்கில் கெட்டியாக்கினாங்க. சுவர் சில கட்டங்களுக்குப் பரவி, கணினி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விடை சரியாவே வந்தது.

14/
இந்தியாவும் இதில் பின்தங்கி நிற்கலை. 1986-ல் பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகத்தில் ஃப்ளோசால்வர் என்ற இணைக் கணினியைக் கட்டினாங்க. பேரிலேயே நோக்கம் இருக்கு: பாய்மச் சமன்பாட்டைத் தீர்க்க. இந்தியாவின் முதல் இணைக் கணினி பிறந்தது காற்றின் கணக்குக்காக.

இன்னொரு விஷயம். மணிக்கு சுமார் 370 கிலோமீட்டருக்குக் கீழே போகும் விமானத்துக்குக் காற்றின் அடர்த்தி மாற்றம் 5 சதவீதத்துக்குள்ளேயே இருக்கும். மெதுவா பறக்கும் பயிற்சி விமானத்துக்கு "காற்று அமுங்காது"ன்னு வச்சுக்கிட்டே கணக்குப் போடலாம். ஜெட் போர் விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

15/
இப்போ தாம்பரத்துக்கு வருவோம்.

கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு 1937-ல் வந்தது. 1950-களில் அங்கே இன்டர்மீடியட் படிச்ச ஒரு மாணவர் எஸ்.ஆர். சீனிவாச வரதன். 1940-ல் சென்னையில் பிறந்தவர், பொன்னேரியில் பள்ளிப் படிப்பு, அப்பா பள்ளி ஆசிரியர். தாம்பரத்துக்குப் பிறகு மாநிலக் கல்லூரியில் புள்ளியியல். பிறகு கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சி.ஆர். ராவிடம் முனைவர் பட்டம். 1963-ல் நியூயார்க்.

நியூயார்க்கில் எங்கே? 12-ஆம் பதிவில் சொன்ன அதே கூரன்ட், நாஜிக்களிடமிருந்து தப்பி அமெரிக்கா போய் உருவாக்கிய கணிதக் கழகத்தில்.

16/
வரதன் எடுத்துக்கிட்ட கேள்விகளில் ஒண்ணு அடிமடியிலேயே கை வைக்கிறது: இந்தச் சமன்பாடு எங்கிருந்து வருது?

காற்று உண்மையில் தொடர்ச்சியான பொருள் இல்லை. ஒரு மில்லிலிட்டரில் 25 போட்டு 18 சைபர் போட்டா வரும் எண்ணிக்கையில் மூலக்கூறுகள். ஒவ்வொண்ணும் தறிகெட்டு ஓடி மோதிக்கிட்டிருக்கு. இந்தக் களேபரத்திலிருந்து எப்படி ஒழுங்கான ஒரு சமன்பாடு வெளிவருது? 1900-ல் ஹில்பர்ட் தன் புகழ்பெற்ற கணக்குப் பட்டியலில் ஆறாவதா வச்ச சவாலின் ஒரு பகுதி இது.

17/
மூலக்கூறு வழியில் முதல் பெரிய வெற்றி மேக்ஸ்வெல்லுடையது. காற்றின் பாகுநிலை அதன் அடர்த்தியைப் பொறுத்தது இல்லைன்னு 1860-ல் கணிச்சார். கேட்டா நம்ப முடியாது இல்லையா? அவருக்கும் நம்பிக்கை வரலை. லண்டன் வீட்டிலேயே மனைவி கேத்தரினோடு சேர்ந்து சோதனை செஞ்சு, சரிதான் என்று 1866-ல் வெளியிட்டார்.

ஆனா இயற்பியலாளர் நம்புவது வேறு, கணிதத்தில் நிரூபிப்பது வேறு.

18/
1993-ல் ஒல்லா, வரதன், யாவ் மூவரும் ஒரு தேற்றத்தை வெளியிட்டாங்க. நியூட்டன் விதிப்படி ஓடும் துகள்கள். அதில் மிகச் சின்ன அளவு சீரற்ற தன்மையைச் சேர்க்கிறாங்க. துகள்களின் எண்ணிக்கை எல்லையில்லாமல் கூடும்போது, அமுங்கும் பாய்மத்துக்கான ஆய்லர் சமன்பாடுகள் தானா வெளிவருது.

ஒரு நிபந்தனை: அதிர்வலை உருவாகும் நேரம் வரைக்கும்தான் இந்த நிரூபணம் செல்லும். 9-ஆம் பதிவில் பார்த்த அதே சுவர் இங்கேயும் வழி மறிக்குது.

19/
இதுக்குப் பின்னால் இருக்கும் கருவிதான் அவருக்கு 2007-ல் ஏபெல் பரிசு வாங்கித் தந்தது. பெருவிலக்கக் கோட்பாடு. அரிதிலும் அரிதானது எவ்வளவு அரிது என்று அளக்கும் கணிதம்.

எளிமையா: ஒரு வார்டில் இருக்கும் காற்று மொத்தமும் திடீர்னு ஒரு மூலைக்குப் போயிட்டா மத்தவங்க கதி என்ன? எந்த விதியும் அதைத் தடுக்கலை. ஆனா அதன் வாய்ப்பு, மூலக்கூறுகள் கூடக் கூட, நினைக்க முடியாத வேகத்தில் பூஜ்யத்தை நோக்கிப் போகுது. நாம நிம்மதியா மூச்சு விடறது அந்த எண்ணிக்கையின் தயவில்.

20/
சமன்பாட்டுக்கு எப்பவும் ஒழுங்கான விடை உண்டா? இதுவும் நீண்ட கதை.

1962-ல் ஜான் நாஷ், குறுகிய நேரத்துக்கு உண்டு என்று காட்டினார். 1980-ல் ஜப்பானின் மட்சுமுரா, நிஷிதா இருவரும், காற்று கிட்டத்தட்ட அமைதியா இருந்தா எக்காலத்துக்கும் உண்டு என்றாங்க. 1998-ல் லியோன்ஸ், கொஞ்சம் தளர்த்திய பொருளில் பெரிய ஓட்டங்களுக்கும் காட்டினார். 2022-ல் நான்கு கணிதவியலாளர்கள், சில நிபந்தனைகளில் ஒழுங்கா ஆரம்பிக்கும் ஓட்டமே உள்நோக்கி நொறுங்கி, அடர்த்தி எல்லை மீறும் என்று நிரூபிச்சாங்க. பாகுநிலை எல்லா நேரமும் காப்பாத்தாது.

21/
இப்போ நுரையீரல்.

வென்டிலேட்டரிலிருந்து நோயாளி வரைக்கும் குழாய் போகுது. அதில் மொத்தம் 1 லிட்டர் காற்று இருக்குன்னு வைங்க. 20 செ.மீ. நீர் அழுத்தத்தில் மெஷின் தள்ளுது. வளிமண்டல அழுத்தம் சுமார் 1030 செ.மீ. நீர். அதாவது 2 சதவீதம் கூடுதல். குழாய்க்குள்ளேயே சுமார் 20 மி.லி. காற்று அமுங்கிக்கிட்டு நோயாளிக்குப் போகாம நின்னுடும்.

பெரியவருக்கு ஒரு மூச்சு 400 மி.லி. என்றால் 20 பெரிசில்லை. 3 கிலோ பச்சிளங்குழந்தைக்கு ஒரு மூச்சே 12-லிருந்து 18 மி.லி. தான்! அதனாலதான் குழந்தைகளுக்கான குழாய்கள் சின்னது, அளவைக் குழந்தையின் வாய்ப்பக்கமே சென்சார் வச்சு அளக்கிறோம். சிரிஞ்ச் சோதனை ஞாபகம் இருக்கா? அதேதான்.

22/
இன்னும் ஒண்ணு. ஊதிக் காட்டும் பரிசோதனை, ஸ்பைரோமெட்ரி. "இன்னும் பலமா ஊதுங்க"ன்னு சொல்வோம். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு முக்கினாலும் காற்று கூடுதலா வராது. ஏன்?

1977-ல் டாசன், எலியட் இருவரும் விடை சொன்னாங்க. காற்றுக்குழாய் ரப்பர் மாதிரி நெகிழும் குழாய். அதில் அழுத்தச் சேதி ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் போகும். காற்றின் வேகம் அந்தச் சேதியின் வேகத்தைத் தொட்டுட்டா, அதுக்கு மேல் ஓட்டம் கூடாது.

ராக்கெட் முனையின் குறுகிய கழுத்தில் நடப்பதும் இதே கணக்குதான். அங்கே அடர்த்தி மாறுது. இங்கே குழாயின் பரப்பு மாறுது. சமன்பாட்டின் உருவம் ஒண்ணு.

23/
புகையால் நுரையீரல் கெட்டவருக்குக் குழாய்ச் சுவரைப் பிடிச்சு நிறுத்தும் தாங்கு போயிடுது. அந்த உச்சவரம்பு ரொம்பக் கீழே இறங்கிடும். "மூச்சை உள்ளே இழுத்துடறேன் டாக்டர், வெளியே விட முடியலை"ன்னு சொல்வாங்க. அவங்க சோம்பேறித்தனம் இல்லை அது. அவங்க இயற்பியல் எல்லையில் நிக்கிறாங்க.

உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதச் சொல்றது இதுக்குத்தான். குழாய்க்குள் அழுத்தம் கொஞ்சம் நிக்கும், சுவர் மூடிக்காது. பலம் உதவாத இடத்தில் நிதானம் உதவும்.

24/
1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். காசநோய்க்கு மாத்திரை இல்லாத காலம். நல்ல காற்று, ஓய்வு, உணவு: இதுதான் வைத்தியம். 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1959-ல் வெளிவந்த மெட்ராஸ் ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருப்பதற்கு நிகராகக் குணமாகும் என்று உலகத்துக்கே காட்டியது.

ஆனா கிருமி போனாலும் தழும்பு நிற்கும். காசநோய் குணமான பலருக்குக் காற்றுக்குழாய் சுருங்கிப் போயிருக்கு. "சளியில் கிருமி இல்லை, நீங்க நார்மல்"னு யாராவது அனுப்பிட்டா, அவங்க படியேற முடியாம மூச்சு வாங்கிக்கிட்டு, வயசாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காங்க.

25/
உங்க வீட்டில் அப்படி யாராவது இருந்தா, புகைப்பழக்கம் இருந்து மூச்சு வாங்கினா, வருஷக்கணக்கா விறகடுப்பில் சமைச்ச அம்மா இருமிக்கிட்டே இருந்தா, ஒரு ஸ்பைரோமெட்ரி பண்ணச் சொல்லுங்க. வலி கிடையாது, ஊசி கிடையாது, சில நிமிஷம் ஊதணும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்க.

பேப்பரில் ஒரு வளைகோடு வரும். ஏறி, ஒரு உச்சியைத் தொட்டு, சரியும். சரிவு நேரா இறங்குதா, உள்ளே குழியுதான்னு பார்த்தே நாங்க பாதி விஷயம் சொல்லிடுவோம். ஆய்லரும் ஸ்டோக்ஸும் டாசனும் எலியட்டும் சேர்ந்து போட்ட கோடு அது.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, நைட் டியூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன்.